களிமண் வெடிக்கும் என்று சொன்னேன்

களிமண்ணில் சட்டி, கிண்ணம் செய்வது எனக்குப் பொழுதுபோக்குதான். யுத்த காலத்தில் ஒரு நாள், கலேவெலையில் வாங்கிய மண்ணை ஈரத்துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் கட்டி, பஸ்ஸில் அலுவிகாரைக்குக் கொண்டுவந்தேன். பலாபத்வல செக்பொயின்டில் ஓர் ஆமிக்காரர் ஏறி, பையைத் திறக்கச் சொன்னார். வழியில் அது மூன்றாவது சோதனை.

ஈரம் போனால் மண் பாழ். "தொறக்க வேணாம் மாத்தயா, காத்துப் பட்டா வெடிச்சிரும்" என்று சிங்களத்தில் சொன்னேன். விரிசல் விடுவதற்கு அந்த மொழியில் எனக்குச் சொல் தெரியாது. வாயில் வந்தது தினமும் செய்தியில் கேட்ட சொல், குண்டு வெடிப்பதற்கான சொல்.

பஸ் காலியானது. துப்பாக்கி என் பக்கம் திரும்பியது.

"நீங்களே தொறங்க" என்றார், எட்ட நின்று.

பையை அவிழ்த்தேன். ஓரத்தில் காய்ந்திருந்த மண்ணைக் கிள்ளி வளைத்தேன். கீறல் கீறலாகப் பிளந்தது.

"இதைத்தான் சொன்னேன் மாத்தயா."

அவர் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். பிறகு துப்பாக்கியைத் தாழ்த்தி, சரியான சிங்களச் சொல்லை இரண்டு தரம் சொல்லித் தந்தார். தன் தண்ணீர்ப் போத்தலைச் சரித்துத் துணியையும் நனைத்துவிட்டார். எனக்கிருந்த அதே களைப்பு அவர் முகத்திலும் இருந்தது.

இன்று என்னிடம் மண்வேலை பழக வருகிறவர்களிடம், செய்த சட்டியை ஈரத்துணியால் மூடி நிழலில் மெதுவாகக் காயவிடச் சொல்கிறேன்.

"இல்லாட்டி வெடிச்சிருமாக்கா?" என்று கேட்பார்கள்.

"விரிசல் விடும்" என்பேன். தமிழில் மண் பிளப்பது, குண்டு வெடிப்பது இரண்டையும் வெடிப்பு என்றே சொல்லலாம். எனக்குத்தான் அன்றிலிருந்து மண்ணுக்கு அந்தச் சொல்லைச் சொல்ல வாய் வருவதில்லை.