ரகுநாதனின் இரண்டாம் அறிக்கை

திருச்சிக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த ரகுநாதன், 1974-இல் ராஸ் அல் கைமா சிமென்ட் ஆலையின் திட்டப் பிரிவில் வந்து சேர்ந்தார். தேவையும் வழங்கலும் அறியாத உயிர் இல்லை என்பது அவர் கொள்கை. மனைவி ஜலஜாவுக்கோ தேவை மட்டும் தெரியும். வழங்கல் அவர் பாடு.

வந்த ஆண்டே ஓர் அறிக்கை எழுதினார். ஜூலையில் சூளையை நிறுத்திப் பழுது பார்க்கலாம்; அம்மாதமே அதிகாரிகள் அனைவரையும் குடும்பத்தோடு லீவில் அனுப்பலாம் என்பது அதன் சாரம். மேலாளரின் இழுப்பறையில் அது அரங்கன்போல் அறிதுயில் கொண்டது. இரண்டாண்டு விழித்திலது.

கற்றவன் சொல் அம்பலம் ஏறாதென்று கசந்தவர், அரசியலில் இறங்கினார். தமிழ் மன்றத் தலைவர் தேர்தல் 1976 ஜூலை இறுதி வெள்ளியன்று. எதிர்த்து நின்றவர் கீழக்கரைத் துணிக்கடைக்காரர் ஜெய்னுலாப்தீன். ஆலைக் குடியிருப்பில் மனைவியர் உட்பட நாற்பத்தாறு ஓட்டு, கடைத்தெருவில் பதினெட்டு. கணக்குப் பார்த்த அன்றே ரகுநாதன் தலைவர் ஆகிவிட்டார், மனத்துள்.

"ஓட்டுக் கேக்கவா வந்திய? டீ குடிங்க சார்," என்றார் ஜெய்னுலாப்தீன். "நீங்க ஜெயிச்சா எனக்கு நிம்மதி. மன்றத்துக் கூட்டத்துக்குன்னு என் கடையை அடைக்க வேணாம்ல."

ஜூன் நடுவில் இழுப்பறை திறந்தது. பாகிஸ்தானிய மேலாளர் அறிக்கையைப் படித்து மகிழ்ந்தார். "பஹுத் அச்சா, ரகுநாதன் பாய்! யல்லா, ஜூலையில் எல்லாரும் ஊருக்கு!" துணை மேலாளர் பதவியும் உண்டென்றார். நாற்பத்தாறு ஓட்டுகளும் பம்பாய் விமானம் ஏற ஆயத்தமாயின.

வீட்டில் ஜலஜா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருஷம் கழிச்சு ஊருக்குப் போறோம். உங்க படிப்பால எனக்கு நடந்த முதல் நல்லது இதுதான்."

"தேர்தல் முடிஞ்சு போகலாமே?"

"சூளையே நிக்குதாம். உங்க தேர்தல் நிக்காதா?"

தேர்தல் நிற்கவில்லை. ரகுநாதன் துணை மேலாளர் பதவியை விடத் துணிந்தார், மன்றத் தலைவர் நாற்காலியை விடவில்லை. மூன்று நாள் உண்ணாது உறங்காது இரண்டாம் அறிக்கை எழுதினார். ஜூலையில் சூளை அணைந்தால் ஆலையே அழியும் என்று ஐந்து பக்கத்தில் நிறுவினார்.

"முதல் அறிக்கையும் உன் கையெழுத்துத்தானே?" என்றார் மேலாளர்.

"பொருளாதாரம் வளர்கிற சாஸ்திரம், சார்."

"கலாஸ்! லீவும் இல்லை, பதவியும் இல்லை."

ஆனால் மேலாளரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த உத்தரவை ரத்துச் செய்தாலும் அதற்குக் காரணமான காகிதத்தையும் அறிவிப்புப் பலகையில் குத்திவைப்பார். ஐந்து பக்கமும், அடியில் முழுப்பெயரும், மாலைக்குள் குடியிருப்பு முழுவதும் ஓதப்பட்டன.

தேர்தலன்று நாற்பத்தாறு பேரும் ஒருவர் தவறாது, முந்திக்கொண்டு வந்தனர். வரிசையில் நின்ற, ஆலை அதிகாரி பாஸ்கரின் மனைவி வசந்தகுமாரி கைகூப்பினாள்.

"நீங்க இல்லேன்னா ஓட்டுப் போட நாங்க இங்க இருந்திருப்போமா, சார்?"

ரகுநாதன் அதை ஆசி என்றே கொண்டார்.

எண்ணி முடித்தபோது ஜெய்னுலாப்தீனுக்கு அறுபத்தொன்று, ரகுநாதனுக்கு மூன்று.

"என்ன சார், ஒங்க ஆளுக எனக்குப் போட்டுட்டாக? நான் கேக்கவே இல்லையே!" என்று மெய்யாகவே கலங்கினார் வென்றவர்.

மாலையோடு நின்ற அவரிடம் ஜலஜா முதலில் சென்றாள்.

"பாய், இனிமே ஜூலையில தேர்தல் வைக்காதீங்க. நாங்க ஊர்ல இருப்போம்."

"இன்ஷா அல்லாஹ், வைக்க மாட்டேம்மா."

புதிய தலைவரின் முதல் வாக்குறுதிக்கு ஆலைக் குடியிருப்பு முழுவதும் கைதட்டியது.