பூமாலை இழுத்த கோடு

பூமாலைக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று விழுப்புரத்தை அடுத்த கெடார்ப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். எதற்கு வரும் என்பதுதான் யாருக்கும் புரியாது. கூழில் உப்பு இல்லாவிட்டால் கோபிக்க மாட்டார். கூலியில் குறைத்தால்கூட முணுமுணுப்பதோடு சரி. காகிதத்தில் ஒரு கோடு இருக்கக் கூடாத இடத்தில் இருந்தால் மட்டும் மனிதர் கொதித்துப்போவார். முதல் தப்புக் கோட்டை இழுத்தது அவருடைய கைதான் என்பது அவருக்கும் மறக்கவில்லை.

அவருடைய சேரியில் எட்டாவது வரை படித்தவர் அவர் ஒருவர்தான். திண்டிவனத்தில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்தது. அந்தப் படிப்புக்காகத்தான் 1936-ல் ஏரி ஆபீசில் அவருக்கு அளவு பார்க்கும் வேலை கிடைத்தது. தினமும் காலையில் மதகடிக்குப் போக வேண்டும். அங்கே நட்டிருக்கும் அளவுக்கல்லில் தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மாதக் கடைசியில் பத்து மைல் நடந்து விழுப்புரம் ஆபீசுக்குப் போய், கட்டம் போட்ட காகிதத்தில் நாளுக்கு ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்துக் கோடாக்க வேண்டும். காகிதத்தின் அடியில் இடமிருந்து வலமாக நாட்கள், ஓரத்தில் கீழிருந்து மேலாக அடிக்கணக்கு.

வேலை அக்டோபர் முதல் மார்ச் வரைதான். பாசனம் முடிந்தால் பூமாலையும் முடிந்தார். மறுபடி மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கும் கூலி.

முதல் வருஷத்துக் காகிதத்தைப் பார்த்ததும் குமாஸ்தா கிருஷ்ணசாமிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாய்யா இது, பாதிக் காகிதம் வெள்ளையா கெடக்குது? ஆடிட்டுக்காரன் வந்தா என்னத்தான் புடிச்சிக்குவான். ஸ்கேல வெச்சிச் சேத்து உடு."

மார்ச் முப்பத்தொன்றில் மூன்றடி. அடுத்த அக்டோபர் முதல் தேதியில் மூன்றேகால் அடி. பூமாலை ஸ்கேலை வைத்து இரண்டையும் ஒரே இழுப்பில் சேர்த்தார். கோடு மயிரிழை பிசகாமல் வந்தது. அன்றைக்கு அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு.

அடுத்த வருஷம் சேரிக்குக் குடிதண்ணீர்க் கிணறு கேட்டு ஒரு மனு போனது. அறுபது பேர் கைநாட்டு வைத்தார்கள். கோடையில் ஏரி வறண்டுவிட்டால் பெண்கள் இரண்டு மைல் நடந்து ஒரு பண்ணைக்காரர் கிணற்றுக்குப் போவார்கள். கிணற்றைத் தொடக் கூடாது. யாராவது மனமிரங்கி இறைத்து ஊற்றும் வரைக்கும் குடத்தோடு தள்ளி நிற்க வேண்டும். பூமாலையின் மனைவி அஞ்சம்மாள் ஒருநாள் காலையில் போய் உச்சிவேளைக்கு அரைக்குடத்தோடு வந்தாள்.

திண்டிவனம் மேலதிகாரியிடமிருந்து பதில் வந்தது. சேரியில் படிக்கத் தெரிந்தவர் பூமாலைதானே, அவரே எல்லோருக்கும் நடுவில் நின்று படித்தார். 'ஏரியில் வருஷம் முழுவதும் மூன்றடிக்குக் குறையாமல் தண்ணீர் நிற்பதாக வரைபடம் காட்டுகிறது. கிணறு அவசியமில்லை.'

படித்து முடித்ததும் காகிதத்தை நாலாக மடித்தார்.

"அந்தப் படத்தப் போட்டது யாரு?" என்று கேட்டாள் அஞ்சம்மாள். தெரிந்தேதான் கேட்டாள்.

மறுநாள் ஆபீசில் பூமாலை தலைதலையாக அடித்துக்கொண்டார். "ஐயா, கோட்டோட நுனி மார்ச்சுல முடிஞ்சி போச்சிங்க. அதுக்கப்பறம் இருக்கறது தண்ணி இல்லீங்க, ஸ்கேலு! நாம பாக்காத நாளுக்கு அந்தப் படத்துல சேதியே கெடையாதுங்க."

"ஆபீசுலேர்ந்து போன காகிதம் போனதுதான். பேஜாரு பண்ணாத, போ," என்றார் கிருஷ்ணசாமி.

இன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதைச் சார்பகம், வீச்சகம் என்று படிக்கிறார்கள். கோடு இடமிருந்து வலமாக எந்த நாள் முதல் எந்த நாள் வரை உண்மையாக ஓடுகிறது, கீழிருந்து மேலாக எந்த அளவு முதல் எந்த அளவு வரை தொடுகிறது, அவ்வளவுதான் சங்கதி. பூமாலைக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. ஆனால் அரைவருஷத்துக் கோட்டை முழுவருஷமாக நீட்டினால் யார் குடம் காலியாகும் என்று தெரியும்.

1939 கோடையில் அவர் சம்பளமில்லாமலே தினமும் மதகடிக்குப் போனார். கொல்லைக் கூலிக்கு நேரம் தப்பி வசவு வாங்கினார். ஏப்ரலில் இரண்டடி, ஒன்றரை, ஒன்று. மே பத்தாம் தேதி கல்லின் அடியில் ஈரம்கூட இல்லை. பூஜ்யம் என்று எழுதினார். மறுநாளும் பூஜ்யம். ஆகஸ்டு முடியும் வரைக்கும் வெடித்த சேற்றில் நின்று பூஜ்யம், பூஜ்யம் என்று எழுதினார்.

"இல்லாத தண்ணிய தெனம் போயி இன்னா பாக்குற?" என்று சிரித்தார்கள்.

அந்த வருஷக் காகிதத்தில் ஒரு நாள்கூட விடவில்லை. புது மனுவோடு படமும் போனது. பதில் வந்தது: 'மே முதல் ஆகஸ்டு வரை அளவு எடுக்கப்படவில்லை. எடுத்த நாட்களில் தண்ணீர் இருந்திருக்கிறது.'

பூமாலைக்கு ஆத்திரத்தில் கண்ணே தெரியவில்லை. பிறகுதான் விஷயம் பிடிபட்டது. பூஜ்யத்துக் கோடு காகிதத்தின் அடிக்கோட்டின் மேலேயே படுத்துக் கிடந்தது. கறுப்பு அச்சுக் கோட்டின் மேல் கறுப்பு மை. பார்த்தவர் கண்ணுக்கு அங்கே கோடே இல்லை. பொய்க்கோடு பளிச்சென்று தெரிந்தது, மெய்க்கோடு மறைந்துபோயிற்று. இதற்கு எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது?

ஆபீசில் சிவப்பு மை மேலதிகாரிகளுக்கு மட்டும். கீழே உள்ளவன் தொடக் கூடாது. பூமாலை விழுப்புரம் கடைத்தெருவில் ஒரு புட்டி சிவப்பு மை வாங்கினார். படத்தைப் புதிதாகப் போட்டு, அந்த நாலு மாதத்தை அடிக்கோட்டின் மேல் சிவப்பால் இழுத்தார். ரயிலேறித் திண்டிவனம் போய், அதிகாரியின் வாசலில் காலையிலிருந்து நின்றார். மத்தியானம் கூப்பிட்டார்கள்.

"இது என்ன சிவப்பு?"

"தண்ணி பூஜ்யத்துல நின்ன நாளுங்க. ஒரு நாள் உடாம நேர்ல போயிப் பாத்ததுங்க."

அதிகாரி விரலை இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை நகர்த்தினார். பிறகு அடியிலிருந்து உச்சிக்கு. "அப்போ பன்னிரண்டு மாசமும் பார்த்திருக்கிறாய். ஏரி பூஜ்யத்துக்கும் ஒன்பது அடிக்கும் நடுவில் இருக்கிறது. மூன்றுக்கும் ஒன்பதுக்கும் இல்லை."

"அதத்தாங்க ரெண்டு வருஷமா கத்திக்கினு இருக்கறேன்!" குரல் அவரை மீறி உயர்ந்துவிட்டது.

ஒரு மாதத்தில் இரண்டு உத்தரவுகள் வந்தன. ஒன்று, சேரிக்குக் கிணறு. மற்றொன்று விழுப்புரத்திலிருந்து: அனுமதியின்றிச் சிவப்பு மை உபயோகித்து, மேலதிகாரியை நேரில் அணுகிய குற்றத்துக்காகப் பூமாலை வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

கிணறு வெட்டும் கூலிக்கு அவரும் போனார். இருபத்திரண்டு அடியில் ஊற்று பீறிட்டது. அஞ்சம்மாள் தன் கையால் இறைத்த முதல் குடத்தை அவர் காலில் ஊற்றினாள்.

அடுத்த வருஷம் பாக்கிச் சம்பளம் வாங்க ஆபீசுக்குப் போனவர் சுவரில் புதுப் படம் தொங்குவதைப் பார்த்தார். புது ஆளின் கை. மார்ச்சிலிருந்து அக்டோபருக்கு மூன்றடி உயரத்தில் ஒரே இழுப்பு, மயிரிழை பிசகவில்லை.

வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"நமக்குத்தான் கெணறு வந்துடுச்சே, இன்னும் எதுக்கு இப்பிடி எரியிற?" என்றாள் அஞ்சம்மாள்.

"ஏரிக்கு அந்தாண்ட கரையிலயும் சேரி இருக்குதில்ல? அவுங்க மனு போட்டா இன்னா எழுதி அனுப்புவாங்க, சொல்லு."

அஞ்சம்மாள் தட்டை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.