வலது தோளுக்குச் செய்த துப்பாக்கி

அன்று நடந்தவற்றை வரிசையாக எழுதினால் இப்படி வரும்.

1. மாமா தனக்கென்று அளவெடுத்துச் செய்வித்த வேட்டைத் துப்பாக்கியைச் சோதித்துப் பார்க்க அம்மா, மாமா, நான் மூவரும் ஒஸ்லோவுக்கு வெளியே காட்டுக்குள் இருக்கும் சுடுதிடலுக்குப் போனோம்.
2. அதைச் செய்தவர் திராமன் நகரிலிருந்து தன்னுடைய வான் வண்டியில் வந்து சேர்ந்தார்.
3. மாமா சுட்டார். குண்டுகள் கண்டபடி பட்டன.
4. செய்தவர் அதே துப்பாக்கியால் சுட்டார். மூன்று குண்டும் ஒரே இடத்தில் பட்டன.
5. ஆகவே பிழை துப்பாக்கியில் இல்லை என்று முடிவாயிற்று.

ஐந்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். எனக்கு அப்போது ஒன்பது வயது. முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் தனியாக இருந்தார். பலகை விற்கும் கிடங்கு ஒன்றில் வேலை. அங்கே அவரோடு வேலை செய்த நோர்வேக்காரர் சிலர் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் ஒரு கிழமை லீவு எடுத்துக்கொண்டு எல்க் வேட்டைக்குப் போவார்கள். எல்க் என்பது குதிரையைவிட உயரமான காட்டு மான். ஒருமுறை அவர்கள் கொடுத்த இறைச்சியை மாமா யாழ்ப்பாணத்துத் தூள் போட்டுக் கறியாக்கிக் கொண்டுபோனார். அடுத்த வருடத்திலிருந்து அவரையும் காட்டுக்குக் கூட்டிப் போனார்கள், சமைக்க. நான்கு வருடம் மாமா காட்டுக் குடிசையில் வெங்காயம் வெட்டினார். மற்றவர்கள் சுட்டார்கள்.

ஐந்தாம் வருடம், முழங்கால் வருத்தத்தால் ஒருவர் விலக, அவர் உட்காரும் இடத்தைக் குழுத்தலைவர் மாமாவுக்குத் தந்தார். போஸ்ட் என்பார்கள். காட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு போஸ்ட். அங்கே அசையாமல் இருந்து, எல்க் வந்தால் சுட வேண்டும். மாமா வேட்டைப் பரீட்சையின் எழுத்துப் பகுதியை நோர்வேஜிய மொழியிலேயே எழுதிச் சித்தியடைந்திருந்தார். இனி சுடும் பரீட்சை ஒன்றுதான். நூறு மீற்றர் தூரத்தில் நிற்கும் எல்க் படத்தில் ஐந்து குண்டும் ஒரு வட்டத்துக்குள் விழ வேண்டும். அடுத்த வியாழக்கிழமைதான் அந்தத் திடலில் கடைசிப் பரீட்சை. தவறினால் போஸ்ட் குழுத்தலைவரின் மருமகனுக்குப் போகும்.

“அப்ப நான் பழையபடி பானைக்குப் பக்கத்திலைதான்” என்றார் மாமா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த மாதம் முழுவதும் அவர் வேறு எதையும் கதைக்கவில்லை.

இரவல் துப்பாக்கியால் பழகியபோது ஒன்றும் சரிவரவில்லை. கடையில் இருப்பதெல்லாம் ஆறடி மனிதருக்குச் செய்தது, உன் கை கட்டை என்று வேலையிடத்தில் சொன்னார்கள். மாமாவும் அதையே நம்பினார். அதனால்தான் திராமனில் துப்பாக்கி செய்யும் ஒரு பெண்ணிடம் போனார். முப்பது வயதிருக்கும் அவருக்கு. மாமாவின் கை நீளம், கழுத்து, கன்னம், உள்ளங்கை எல்லாவற்றையும் அளந்திருக்கிறார். எந்தக் கையால் எழுதுவீர்கள் என்று கேட்டிருக்கிறார். வலது என்று மாமா சொல்லியிருக்கிறார். அது உண்மை.

அம்மா ஏன் எங்களோடு வந்தார் என்றால், கீழ்த்தளத்தில் இரும்பு அலுமாரிக்குள் பூட்டிக் கிடப்பது என்ன செய்யும் என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். திடலில் கூரைக்குக் கீழே, காதுமூடியைப் போட்டு அதற்கு மேலே இரண்டு கைகளையும் வைத்துப் பொத்திக்கொண்டு நின்றார்.

“அக்கா, பயமெண்டால் காருக்குள்ளை இருங்கோ.”

“பயமோ? துவக்குச் சத்தம் கேக்க ஏலாமல் நாடு விட்டு வந்தனாங்கள். நீ என்னடா எண்டால் அளவெடுத்துத் தைப்பிச்சுக்கொண்டு வந்து நிக்கிறாய்.”

“தைப்பிக்கேல்லை அக்கா. செய்விச்சது.”

“ரெண்டும் ஒண்டுதான்.”

மாமா படுத்துக்கொண்டு சுட்டார். பக்கத்தில் ஒரு முக்காலியில் தூரநோக்கி இருந்தது. அதனூடாகப் பார்த்துக் குண்டு பட்ட இடத்தைச் சொல்வது என் வேலை. முதலாவது எல்க்கின் காலடியில். இரண்டாவது முதுகுக்கு மேலே வெறும் கடதாசியில். மூன்றாவதை நான் தேடித் தேடிப் பார்த்தேன்.

“மாமா, மூண்டாவது படத்திலை இல்லை. எல்க் ஓடிட்டுது போல.”

“வாயைப் பொத்திக்கொண்டு பாரடி” என்றார் மாமா.

செய்தவர் துப்பாக்கியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறிக்கண்ணாடியைத் தாங்கும் திருகாணிக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டி மணந்து பார்த்துவிட்டு, இது என்ன எண்ணெய் என்று கேட்டார். அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

“சந்தனமோ? சாமித்தட்டிலை துவக்கைக் கொண்டுபோய் வைச்சனியே?”

“ஆயுதபூசைக்கு எல்லாம் வைக்கிறதுதானே அக்கா.”

“அது கத்தி, கத்தரிக்கோல். முருகனுக்கு முன்னாலை இதையோ?”

“முருகன் வேல் வைச்சிருக்கிறார்தானே” என்றேன் நான். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் திரும்பவும் தூரநோக்கிக்குள் போய்விட்டேன்.

செய்தவர் சந்தனத்தைத் துடைத்தார், திருகாணிகளை இறுக்கினார், பிறகு தானே படுத்துச் சுட்டார். அவருடைய மூன்று துளைகளையும் ஓர் இருபது குரோனர் நாணயத்தால் மூடிவிடலாம். மாமா மறுபடி சுட்டார். நாணயம் அல்ல, எங்கள் வீட்டுச் சோற்றுப் பானை மூடியாலும் மூட முடியாது.

நான் இப்போது மருத்துவமனைக் கருவிகளின் அளவைச் சரிபார்க்கும் வேலை செய்கிறேன். ஓர் அளவு பிழைத்தால் முதலில் கருவியைப் பார்ப்போம், பிறகு அதைப் பாவித்தவரைப் பார்ப்போம். அநேகமாக அத்தோடு நிறுத்திவிடுவார்கள். அந்தப் பெண் நிறுத்தவில்லை.

சுட்ட துளைகளை ஒட்டும் நாடா ஒன்று மேசையில் இருந்தது. சுருள். அதை எடுத்து, “பிடியுங்கள்” என்று மாமாவிடம் எறிந்தார். மாமா பிடித்தார். “திருப்பி எறியுங்கள்.” எறிந்தார். அவர் இன்னொருமுறை, இந்தத் தடவை மாமாவின் வலப்பக்கமாகவே எறிந்தார். மாமாவின் இடக்கை உடம்பைத் தாண்டி வந்து அதைப் பிடித்தது.

பிறகு மாமாவை இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே ஒரு சிறு ஓட்டை வைத்து, அதனூடாக எல்க்கைப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். வலக்கண்ணால் பார்க்கும்போது எல்க் மறைந்துவிட்டது என்றார் மாமா. அப்படியென்றால் அவர் குறிபார்க்கும் கண் இடது. சுடும்போது இடக்கண்ணை மூடினால் அது தானாகவே திறக்கிறது என்பதையும் அப்போதுதான் சொன்னார்.

“சின்ன வயதில் நீங்கள் இடக்கைப் பழக்கமா?”

“இல்லை. வலது. எழுதுவது, சாப்பிடுவது, எல்லாம் வலது.”

“எழுதும் கையைக் கேட்டது என் பிழை” என்றார் அவர். “எறியும் கையைக் கேட்டிருக்க வேண்டும்.”

மாமா அம்மாவைப் பார்த்தார். ஒரு பெரிய மனிதர், மீசை வைத்தவர், அக்காவின் முகத்தை அப்படிப் பார்த்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. அம்மா காதுமூடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“அவன் இடக்கையன்தான்” என்றார் அம்மா, நோர்வேஜிய மொழியில், செய்தவரிடம்.

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிறுவயதில் சாப்பிட உட்கார்ந்தால் இந்த அக்கா தன் பள்ளிக்கூட ரிபனால் என் இடக்கையைப் பின்னால் கட்டிவிடுவா, ஒரு கை ஆள் மாதிரி இருந்து சாப்பிடுவேன் என்று கையைப் பின்னால் வைத்துச் செய்தும் காட்டினார். செய்தவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ரிபன் கட்டிச் சாப்பிடுவது ஒரு நல்ல விளையாட்டாக எனக்குத் தோன்றியது.

“அக்கா, இப்பவாவது அவிட்டு விடுங்கோவன்” என்றார் மாமா.

“விசர்க்கதை கதையாதை. சுடுறதெண்டால் சுடு.”

அம்மா திரும்பிக் காரை நோக்கி நடந்தார். சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

மாமா துப்பாக்கியை இடது தோளில் வைத்தார். கன்னத்துக்கென்று செதுக்கிய மேடு இப்போது தவறான பக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் பிறகு கையைத் துப்பாக்கிக்கு மேலால் கொண்டுபோய் மறுபக்கத்தில் இருக்கும் குண்டேற்றும் பூட்டை இழுக்க வேண்டியிருந்தது. பார்க்கவே கோணலாக இருந்தது. நான் தூரநோக்கிக்குள் பார்த்தேன். ஒன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மூன்றாவதை இந்த முறை தேட வேண்டியிருக்கவில்லை. என் உள்ளங்கையால் மூன்றையும் மூடலாம்.

“மாமா, எல்க் செத்துட்டுது!” என்று கத்தினேன். மாமா எழும்பவில்லை. படுத்தபடியே இடக்கையை விரித்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செய்தவர் துப்பாக்கியின் மரக்கட்டையைக் கையோடு கொண்டுபோனார். கன்னத்து மேட்டைச் சீவி, இருபக்கமும் ஒன்றாக்கித் திங்கட்கிழமை திருப்பித் தந்தார். முழுவதையும் இடக்கைக்காரருக்கு ஏற்றபடி மாற்றித் தருவதாகவும் சொன்னார். மாமா வேண்டாம் என்றார். வலக்கைக்காரருக்குச் செய்த சாமான்களோடு பழகிவிட்டதாம்.

திடலுக்குப் போய் வந்த அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நான் என் பின்னல் ரிபனைக் கழற்றி, பல்லால் கடித்து இழுத்து, என் இடக்கையை நாற்காலிச் சட்டத்தோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். திடலுக்கு வராமல் வீட்டில் இருந்த அப்பா சிரித்தார். அம்மா சோற்றுச் சட்டியோடு வந்தவர் அதைக் கண்டார். சட்டியை மேசையில் வைத்துவிட்டு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். நான் இறுக்கிக் கட்டியிருந்தேன். குசினிக்குள் போய்க் கத்தரிக்கோலோடு வந்து ரிபனை வெட்டினார். புது ரிபன். நான் அழுதேன். அம்மா வெட்டிய துண்டுகளைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, எல்லோருக்கும் சோறு போட்டார்.

வியாழக்கிழமை மாமா சித்தியடைந்தார். ஐந்தும் வட்டத்துக்குள். அந்த வருடம் அவர் போஸ்டில் ஆறு நாள் உட்கார்ந்திருந்தார். எல்க் எதுவும் வரவில்லை. திரும்பி வந்தபோது, நாலு வருடமும் அந்தக் குடிசைக்குள் இருந்தனான், வெளியிலை காடு இருக்குதெண்டு இப்பத்தான் தெரியுது என்றார்.

போன குளிர்காலத்தில் அம்மாவை வேலையிலிருந்து காரில் ஏற்றிக்கொண்டு வரும்போது, எங்கள் திணைக்களத்தில் புதிதாக வந்த ஒருவர் இடக்கையால் திருகாணி முடுக்குவதைப் பற்றிச் சொன்னேன். வேறு கதையாகத்தான் தொடங்கினேன். அம்மா சொன்னார்.

“இடக்கையாலை சாப்பிடக் கண்டால் ஐயா அகப்பைக்காம்பாலை அடிப்பார். விரல் மூட்டிலை. அவனுக்கு நாலு வயசு, நினைவு நிக்காது, கையை நீட்டிப்போடுவான். கட்டினால் நீட்ட மாட்டான்தானே.”

ஐயா என்பது அம்மாவின் அப்பா. நான் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார். மாமாவின் கையைக் கட்டிய காலத்தில் அம்மாவுக்குப் பதினொரு வயது. ஐயா வீட்டுக்குள் வரும் சைக்கிள் சத்தம் கேட்டதும் தன் தலையிலிருந்து ரிபனைக் கழற்றித் தம்பியைக் கட்டி உட்காரவைத்துவிடுவாராம். சாப்பிட்டு முடிந்து ஐயா எழும்பிய பிறகுதான் அவிழ்ப்பாராம்.

“அப்ப ஏனம்மா அண்டைக்கு மாமாட்டைச் சொல்லேல்லை?”

“எல்லாரும் சிரிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். அதுக்குள்ளை என்னெண்டு சொல்லுறது?”

சிக்னல் பச்சையானது. நான் காரை எடுத்தேன்.

மாமா இப்போதும் அந்தக் குழுவில் இருக்கிறார். நான்கு எல்க் சுட்டிருக்கிறார், எல்லாம் இடது தோளிலிருந்து. கறியும் இன்னும் அவர்தான் வைக்கிறார். விருந்தினர் வந்தால் ரிபன் கதையைச் சிரிப்புக்குச் சொல்வார். அம்மா அந்த நேரத்தில் எழுந்து தேநீர் போடப் போவார். காருக்குள் அம்மா எனக்குச் சொன்ன பகுதி மாமாவுக்குத் தெரியாது. நான் சொல்லட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். பிறகு பாப்பம் என்றார். இதுவரை யாரும் சொல்லவில்லை.