சுண்ணாம்பில்லாத கிணறு

காலை பத்து இருபதுக்குத்தான் எல்லாம் பிசகத் தொடங்கியது. நான் பகுப்பாய்வு இரசாயனம் கற்பிக்கும் ஆய்வுகூடத்தில், தண்ணீரிலுள்ள கல்சியத்தை அளக்கும் மெசினின் முன் என் மகள் நின்றிருந்தாள். இறுதி வருட ஆய்வுக்காக அவள் சேகரித்த கிணற்று நீரில் கடைசிப் போத்தல் அது. நற்பிட்டிமுனையில் வயலோரத்து வீடொன்றின் கிணறு. அந்த வீட்டில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலுக்குள் சுண்ணாம்பு தடிப்பாகப் படிந்திருந்ததை அவளே படம் பிடித்து வந்திருந்தாள். மெசினோ கல்சியம் இல்லவே இல்லை என்பதுபோல் காட்டியது.

ஆய்வுகூடத்துக்குள் நான் அவளுக்கு உம்மா இல்லை, மிஸ். அவளே வைத்த சட்டம். ஆனாலும் நான் என் வேலையை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். மறுநாள் காலை முடிவுகளைப் பரீட்சகர்கள் முன் வைக்க வேண்டும். ஒரு போத்தல் பிழையானால் மற்றக் கிணறுகளின் அளவீடுகளையும் யார் நம்புவார்?

மெசினுக்குள் இருக்கும் விளக்கை மாற்றினோம், அது நீரை உறிஞ்சும் குழாயைக் கழுவினோம். அளவு தெரிந்த கரைசலை வைத்தபோது மெசின் சரியாகவே சொன்னது. அப்படியென்றால் பிழை போத்தலில்.

"தண்ணிய நீதானே அள்ளின?"

அவள் தலை குனிந்தாள். "வெயில்ல வந்திரிக்காய், இரி மகள் எண்டு சொல்லிப்போட்டு, அந்த வீட்டு மாமி போத்தல வாங்கிட்டுப் பின்னுக்குப் போனா. நான் தோடம்பழச் சாறு குடிச்சிட்டு இருந்தன், மிஸ்."

மாதிரியை நீங்களே அள்ள வேண்டும் என்று வகுப்பில் ஓயாமல் சொல்பவள் நான். வீட்டுக்கு வந்த பிள்ளையை எங்கள் பக்கத்தில் யார் கிணற்றடிக்கு விடுவார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மகள் அந்த மாமிக்குத் தொலைபேசி எடுத்து, தந்தது கிணற்றுத் தண்ணீர்தானா என்று கேட்டாள். நேரில் வந்து சொல்வதாகக் கூறி அவர் வைத்துவிட்டார். பள்ளிவாசலில் நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கும் கேட்டது, ஆளைக் காணோம். நான் வாசலுக்கும் மெசினுக்குமாக நடந்தேன். மகள்தான், மிஸ்ஸுக்கும் சாறு வேணுமா என்று கேட்டு என்னைச் சிரிக்க வைத்தாள்.

கடைசியில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. மாமி மூச்சு வாங்க இறங்கி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கட கிணத்துத் தண்ணி வாயில வைக்க ஏலாது மகள். சோதனைக்கு எண்டுதான் நீ சொன்னாய். ஆனா போற வழியில தாகத்துக்கு ஒரு வாய் குடிச்சிட்டா? அதான் சுண்ணாம்பெல்லாம் எடுத்த பில்டர் தண்ணிய நிரப்பித் தந்தன். ஓட்டோ நிக்குது, வா, நீயே வந்து அள்ளு. மெசின்தானே, அது எதையும் குடிக்கும்."