நல்ல சேதிக்கும் தந்தி

எங்கள் வீட்டில் தந்தி என்றால் சாவு. வேறு அர்த்தமே கிடையாது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருமுனையில் தந்திச் சேவகர் சைக்கிளை விட்டு இறங்கினால் போதும், எந்த வீட்டுக்கு என்று தெரிவதற்கு முன்பே நாலு வீட்டுப் பெண்கள் வாசலில் வந்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நிற்பார்கள். என் அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தெருவுக்கு வரும் இங்கிலீஷ் தந்திகளைப் படித்துச் சொல்வதும் அவர் வேலைதான். அவர் வந்து உறையைப் பிரிப்பதற்குள் பாதித் தெரு அழுது முடித்திருக்கும்.

கல்யாணமாகி நான் பினாங்குக்குப் போனது ஐம்பதுகளின் கடைசியில். என் வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு ரப்பர் கம்பெனியில் குமாஸ்தா உத்தியோகம். சில வருஷம் கழித்து, முதல் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தபோது, ஒருநாள் அவர் ஆபீசிலிருந்து வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்தார். கையில் தமிழ்ப் பேப்பர். அதை என்னிடம் கொடுக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே நின்றார். பிடுங்கித்தான் படித்தேன். காவிரியிலும் கொள்ளிடத்திலும் பெருவெள்ளம், கரை உடைந்து ஸ்ரீரங்கத்துக்குள் தண்ணீர், பாலத்தில் போக்குவரத்து நின்றுவிட்டது என்று போட்டிருந்தது. எங்கள் வீடு கொள்ளிடத்துப் பக்கம். அப்பாவும் அம்மாவும் மட்டும் இருந்த வீடு.

"தந்தி கொடுத்துடுவோம்" என்றார் அவர்.

"அம்மா வெள்ளத்துல பிழைச்சிருந்தாலும் நம்ம தந்தியில போயிடுவாங்க" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்கு அப்படிப்பட்ட சுபாவம். தபால்காரர் சற்று வேகமாக நடந்து வந்தாலே தண்ணீர் கேட்பாள். கடைசியில் நான்தான் வழி கண்டுபிடித்தேன். அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, பாலத்துக்கு அந்தப் பக்கம் பொன்மலையில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார். அங்கே தண்ணீர் ஏறாது. அவருக்குத் தந்தி போனால் பக்குவமாகப் போய் விசாரித்து, பதில் கொடுப்பார். பதில் தந்திக்கும் நாங்களே இங்கே பணம் கட்டிவிட்டோம். 'எல்லோரும் நலமா, உடனே பதில்' என்று போயிற்று.

பதில் வரவில்லை.

முதல் இரண்டு நாள் பாலத்தைக் குறை சொன்னேன். அப்புறம் தபால் இலாகாவை. அப்புறம் பெரியப்பாவை. அதன் பிறகு குறை சொல்ல ஆளில்லாமல் போயிற்று. ரேடியோவில் வெள்ளம் வடிகிறது என்றார்கள். வடிந்தால் பாலம் திறந்திருக்கும், பெரியப்பா போயிருப்பார், பார்த்திருப்பார். கட்டின காசுக்கு ஒரு வரி அடிப்பதற்கு என்ன கேடு? நல்லபடியாக இருந்தால் ஏன் சொல்லமாட்டேன் என்கிறார்? பிள்ளைத்தாய்ச்சிக்கு எப்படிச் சொல்வது என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார், அதுதான் விஷயம் என்று முடிவு கட்டினேன். பூ வைப்பதை நிறுத்தினேன். விளக்கேற்றவும் மனம் வரவில்லை.

"நான் தலை முழுகிடறேங்க" என்றேன் ஒருநாள் காலையில். சாவுச் சேதி காதில் விழுந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும், அது எங்கள் வழக்கம்.

"யாருக்குன்னு முழுகுவே? சேதி வந்துச்சா?"

"வராததுதான் சேதி."

அவருக்கு வந்ததே கோபம். உயிரோடு இருக்கிறவர்களுக்கு முழுகினால் அவர்கள் ஆயுசுக்கு ஆகாது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்று கத்திவிட்டு ஆபீசுக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் நான் குளியலறைக்குப் போய்க் குடம் குடமாக ஊற்றிக்கொண்டேன். அழுததும் அங்கேதான். அப்பாவுக்கா அம்மாவுக்கா என்று தெரியாததால் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதேன்.

அன்று மத்தியானமே கடுதாசி வந்தது. அப்பாவின் கையெழுத்து, அம்மாவின் பேச்சு. அம்மாவுக்கு எழுத வராது, சொல்லச் சொல்ல அப்பா எழுதுவார். வெள்ளம் வாசற்படி தாண்டி வந்ததாம். இருவரும் எதிர்வீட்டு மாடியில் போய் இருந்தார்களாம். அப்பா பரீட்சைப் பேப்பர் கட்டைத் தலையில் சுமந்தாராம், அம்மா உறை ஊற்றிய தயிர்ப்பானையோடு ஏறினாளாம். 'உன் பெரியப்பா பாலம் திறந்ததும் உன் தந்தியை எடுத்துக்கொண்டு வந்தார். உடனே பதில் தந்தி கொடுக்கணும் என்று குதித்தார். நான்தான் கூடவே கூடாது என்று தடுத்துவிட்டேன். பிள்ளைத்தாய்ச்சிப் பொண்ணு, தனியாக இருக்கும்போது தந்தி என்று ஒருத்தன் வந்து நின்றால் பிரிப்பதற்குள் உயிர் போய்விடாதா? நாங்கள் சௌக்கியம், கடுதாசி நிதானமாக வரட்டும் என்று சொன்னேன். நீ தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. ஈரத்தலையோடு நிற்காதே, வயிற்றுப் பிள்ளைக்குச் சளி பிடிக்கும்.'

என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டி அந்த வரி மேலேயே விழுந்தது. சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. சந்தோஷம் எல்லாவற்றுக்கும் பிறகுதான் வந்தது. அன்றே உட்கார்ந்து நாலு பக்கத்துக்குத் திட்டி எழுதினேன். பெற்றவள் உயிரோடு இருக்கும்போதே என்னைத் தலை முழுக வைத்தாயே, நீயெல்லாம் ஒரு தாயா என்றுகூட எழுதினேன். அப்பா அதை ஓர் எழுத்து விடாமல் படித்துக் காட்டியிருக்கிறார். வாத்தியார் இல்லையா.

அம்மா ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லையாம். மறுநாள் அப்பாவிடம், "இனிமே நல்ல சேதிக்கும் தந்தி அடிங்க. அவளுக்கும் பயம் விட்டுப் போகட்டும், எனக்கும் விட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

சொன்னாளே தவிர, உடனே பயம் விடவில்லை. எனக்கு ஆண் பிள்ளை பிறந்ததும் இவர் ஸ்ரீரங்கத்துக்குத் தந்தி அடித்தார். சேவகர் குரல் கேட்டு அம்மா அடுப்படியிலேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். அப்பா படித்ததை நம்பாமல், பெரியப்பாவைப் பொன்மலையிலிருந்து வரவழைத்து இன்னொரு தரம் படிக்கச் சொன்ன பிறகுதான் தெருவுக்குச் சர்க்கரை கொடுத்தாள். ஆனால் அதற்குப் பிறகு பயம் தெளிந்துவிட்டது. பொங்கலுக்குத் தந்தி. பிள்ளையின் பிறந்த நாளுக்குத் தந்தி. ஒரு தடவை, 'பசு கன்று போட்டது, கிடாரி' என்று ஒரு தந்தி. வீண் செலவு என்று அப்பா முணுமுணுத்தாலும், அதை இங்கிலீஷில் மாற்றிக் கொடுத்தவர் அவர்தான். பினாங்கில் எங்களுக்குத் தந்தி கொண்டுவரும் மலாய்க்காரர் என்னைப் பார்த்தாலே சிரிப்பார். நானும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவேன். பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்துக்கு மட்டும் கடைசிவரை பழக்கமாகவில்லை. ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு ஓடி வந்து என் முகத்தைப் பார்ப்பார்கள்.

அறுபதுகள் முடியும் தறுவாயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பசு மறுபடி சினையாக இருக்கிறது, இந்த மாதம் போட்டுவிடும் என்று முந்தின கடுதாசியில் அம்மா சொல்லியிருந்தாள். வாசலில் மணி அடித்தது. அதே மலாய்க்காரர், அதே சிரிப்பு. கையெல்லாம் மாவு. இரண்டு விரலால் தந்தியை வாங்கி, உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரின் மடியில் போட்டேன்.

"படிங்க. கிடாரியா, காளையா?" என்றேன்.

அவர் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.

"அம்மா போயிட்டாங்க" என்றார்.

அம்மா ஆசைப்பட்டபடியே, பிரிக்கும்வரை நான் கொஞ்சமும் பயப்படவில்லை.