ஈப்போவில் லைசென்ஸ், மலையில் பிள்ளை

தாதி வேலையில் ஊசி போடப் பழகிடலாம். அடுத்த வருஷமும் ஊசி போடலாம்னு அனுமதி வாங்கத்தான் வருஷம் முழுக்க ஓடணும்.

பிள்ளையை ஒரு மாநிலத்தில் விட்டுட்டு இன்னொரு மாநிலத்தில் டியூட்டி பார்க்கிற அக்கா தங்கச்சிகளே, உங்களுக்கு இது புதுசில்லை. நான் பெரிசா படிச்சவ இல்லை. அஞ்சாம் பாரம் முடிச்சு, உதவித் தாதி பயிற்சி எடுத்தவ. பேராக்கில், ஈப்போவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. வீடு பகாங்கில், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில். எங்க வீட்டுக்காரர் அங்கே தோட்டத்து லோரி ஓட்டுறார். மூணு வயசு மகள் ரூத்தை அவரோட அக்கா, ஸ்டெல்லா அண்ணி பார்த்துக்கிறாங்க. மலையிலேயே ஒரு கிளினிக்கில் வேலை கிடைச்சா ஓடி வந்துடுவேன். அதுவரைக்கும் ஏபிசி, அதான் வருஷா வருஷம் புதுப்பிக்கிற லைசென்ஸ், செத்துப்போகாம பார்த்துக்கணும். அதுக்குக் கோர்ஸ் போய்ப் பாயிண்ட் சேர்க்கணும்.

வெள்ளை உடுப்பு

ஒரு தடவை காலை டியூட்டி முடிஞ்சதும் உடுப்பு மாத்தாமலே பஸ் ஏறிட்டேன். பிள்ளையைப் பார்த்துப் பத்து நாளாச்சு. உடுப்பு மாத்துற அந்தக் கொஞ்ச நேரத்தைக்கூட விட மனசில்லை. வாசலில் நின்னு "ரூத்தும்மா"ன்னு கையை நீட்டினேன். அந்த வாரம்தான் அண்ணி அவளைத் தடுப்பூசிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. நம்ம ஊரில் நர்ஸுன்னா மிஸ்ஸிதானே. பிள்ளை என் முகத்தைப் பார்க்கலை, உடுப்பைத்தான் பார்த்தா. அண்ணியோட கைலிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு ரொம்ப மரியாதையா சொன்னா: "எனக்குக் காய்ச்சல் இல்ல மிஸ்ஸி, நீங்க போங்க."

கொழுந்து நிறுக்கிற கொட்டகை

அடுத்த லீவில் போனிலேயே ஒரு கோர்ஸ். லயத்தில் லைன் கிடைக்காது; கொழுந்து நிறுக்கிற கொட்டகையில்தான் நல்லா கிடைக்கும். அங்கே போய் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். நோயாளியை முதுகு நோகாம எப்படித் தூக்குறதுன்னு பாடம். கேமராவை மூடக்கூடாதுன்னுட்டாங்க. கொழுந்து நிறுக்க வந்த பொம்பளைங்க மூட்டையை இறக்கி வச்சுட்டு ஒவ்வொருத்தரா என் பின்னால வந்து நின்னுட்டாங்க. முட்டியை மடக்கச் சொன்னா அவங்களும் மடக்குறாங்க.

"பின்னால நிக்கிறவங்க எந்த வார்டு?"ன்னு டீச்சர் கேட்டாங்க. நான் கூச்சத்தில் போனை முகத்துக்குக் கிட்டே இழுத்துக்கிட்டேன். வகுப்பு முடிஞ்சதும் ராணி அக்கா மூட்டையைத் தூக்கிக்கிட்டே சொன்னாங்க: "முழு பாயிண்டையும் நீயே அமுக்கிக்காத லா, முதுகு வலிக்கிறது எங்களுக்குத்தானே!"

ஆட்டுக்குட்டி

டிசம்பரில் பார்த்தா இன்னும் ஒரு கோர்ஸ் குறையுது. கடைசி கோர்ஸ் ஈப்போவில், ஒரு சனிக்கிழமை. அன்னைக்குச் சாயங்காலம்தான் எங்க கோயிலில் கிறிஸ்துமஸ் நாடகம். ரூத் அதில் ஆட்டுக்குட்டி. கோர்ஸில் காலையில் ஒரு கையெழுத்து, முடியும்போது ஒரு கையெழுத்து. முதல் கையெழுத்தோட நழுவிடலாமான்னு நினைச்சு நினைச்சு, ரெண்டு தடவை வாசல் வரைக்கும் போய்த் திரும்பினேன். நழுவினா பாயிண்ட் போச்சு, உட்கார்ந்திருந்தேன்.

முடிஞ்சதும், காய்கறி இறக்கிட்டு மலையில இருக்கிற திரிங்காப்புக்குத் திரும்புற லோரியில் ஏறிட்டேன். பள்ளி விடுமுறை வேற. மலை ஏறினதும் வர்ற கம்போங் ராஜாவிலேயே கார் வரிசை ஆரம்பிச்சிருச்சு. நான் போய்ச் சேர்ந்தப்போ நாற்காலியை அடுக்கிட்டு இருந்தாங்க. பஞ்சு ஒட்டின காதோட பிள்ளை அப்பா தோளில் தூங்கிட்டா. எப்படி நடிச்சான்னு வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். "நல்லாத்தான் நடிச்சா; பாதியில உன்னைத் தேடி மேடையை விட்டு எறங்கிட்டா, மேய்ப்பன் வந்து பிடிச்சிட்டுப் போனான்."

ரிங்லெட்டில் ஒரு கிளினிக்

ஜனவரியில், எங்க மலையிலேயே ரிங்லெட்டில் ஒரு கிளினிக்குக்கு ஆள் தேடுறதா அண்ணி கேள்விப்பட்டுச் சொன்னாங்க. புது ஏபிசியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துட்டுப் போனேன். டாக்டர் தமிழர்தான். வாங்கிப் பார்த்துட்டு, எல்லாம் சரியா இருக்குன்னார். மனசுக்குள்ள அப்பவே ரூத்துக்குத் தலை சீவி விட ஆரம்பிச்சிட்டேன். "திங்கட்கிழமையே வர முடியுமா?"ன்னார். ஆஸ்பத்திரியில் ஒரு மாச நோட்டீஸ் கொடுக்கணும்னு சொன்னேன். அந்த ஒரு மாசம் பொறுத்துக்கோங்க டாக்டர்னு அடுத்த வார்த்தை கேட்கணும். நேரில் கேட்கக் கூச்சம். தலையைக் குனிஞ்சுக்கிட்டே எந்திரிச்சு வந்துட்டேன்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் நின்னு, போனில் முகம் தெரியாதுங்கிற தைரியத்தில் கேட்டேன். வேற ஆள் எடுத்தாச்சு. டாக்டர் கோபப்படலை. "நேத்தே கேட்டிருந்தா ஒரு மாசம் பொறுத்திருப்பேனே மிஸ்ஸி, சரி, அடுத்த வருஷமும் மறக்காம புதுப்பிச்சு வைங்க."

ஆக, மலையில் அண்ணி என் பிள்ளையை வளர்க்கிறாங்க, ஈப்போவில் நான் ஒரு காகிதத்தை வளர்க்கிறேன், ரெண்டும் ஒரு குறையும் இல்லாம நல்லாத்தான் வளருது.