கை தாழும்வரை

வாசகரே, உங்களைச் சாட்சியாகவே அழைக்கிறேன், நடுவராக அல்ல. தீர்ப்பை நானே எழுதிவிட்டேன்.

மட்டாஞ்சேரியில், பழைய மிளகுக் கிடங்கின் மாடியில் எங்கள் மென்பொருள் அலுவலகம். தோப்பும்படித் துறைமுகத்தின் மீன் ஏலத்துக்காக ஒரு செயலி செய்துகொண்டிருந்தோம். காலைதோறும் நின்றபடியே அவரவர் வேலையைச் சொல்லும் ஸ்டாண்டப் கூட்டம் உண்டு. கல்லூரி மேடைகளில் கோப்பைகள் வென்ற என் நாவைக் கட்டவே அணித்தலைவர் அதில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்: பேசுகிறவர் அம்மிக்குழவியை ஒரு கையில் நீட்டிப் பிடிக்க வேண்டும், கை தாழ்ந்தால் பேச்சு முடிந்தது, தாழாதவரை எவரும் குறுக்கிடலாகாது.

ஒரு காலை, “ஏலத்தின் நடுவே நெட்வொர்க் அறுந்து மீண்டால்…” என்று எச்சரிக்கத் தொடங்கினேன். கனம் தாங்காமல் கை தாழ்ந்தது.

“கை தாழ்ந்தாச்சு, கதை கழிஞ்சாச்சு! எடா மோனே, இது ஸ்டாண்டப்பாக்கும், பட்டிமன்றம் இல்லே,” என்றார் அணித்தலைவர்.

அறையே சிரித்தது. பிறகு அவருடைய மேசைக்கே சென்று, ஒரே கூடை மீன் இருவருக்கு விற்றதாகப் பதிவாகும் என்று விளக்கினேன். “அதெல்லாம் அடுத்த ஸ்பிரிண்டில. இப்ப ஏத்துக்கிட்ட வேலையை முடி,” என்றார், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

அன்று மாலையே சுள்ளிக்கல்லில் உள்ள என் வீட்டில், சமையலறைக் குழவியை நீட்டிப் பிடித்துப் பயிலத் தொடங்கினேன். உடல்நலத்துக்காக அல்ல.

ஸ்பிரிண்ட் எனும் அந்த வேலைச்சுற்றின் முடிவில் வாடிக்கையாளர்களுக்கு டெமோ. நெட்வொர்க் அறுந்தது, மீண்டது, நான் சொன்னதே நடந்தது. ஏலக்காரர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார்: “ஒரு கூடை சாளை மீனை ரெண்டு பேருக்கு விக்கிற வித்தை எங்களுக்கே தெரியாதே, சாரே!”

அணித்தலைவர் என்னைச் சுட்டினார். “இவன் செஞ்ச பாகம். எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. நாளைக்கு ரெட்ரோவில இவனை டீம்ல இருந்து மாத்திடறோம்.”

ரெட்ரோ என்பது முடிந்த ஸ்பிரிண்டின் தவறுகளைப் பேசும் கூட்டம். மறுநாள் அதில் குழவியை முதலில் எடுத்தவன் நான். அறுபட்ட அந்த வாக்கியத்திலிருந்தே தொடங்கினேன். அவர் குறுக்கிட வாயெடுத்தார்.

“கை தாழலையே, சேட்டா,” என்றார் சோதனைப் பிரிவுச் சேச்சி. “சட்டம் நீங்க போட்டதல்லே?”

மேசையருகே அணித்தலைவர் அன்று சொன்ன பதிலை, அவருடைய குரலிலேயே சொன்னேன். அதைக் காதால் கேட்டவர்கள் கையுயர்த்தட்டும் என்றேன். பக்கத்து இருக்கைக்காரர்கள் தயங்கித் தயங்கி உயர்த்தினார்கள். பிறகே கையை நானாக இறக்கி, குழவியை அவரிடம் நீட்டினேன். அவர் “நான் என்ன சொன்னேன்னா…” என்பதற்குள் அது அவர் முழங்கால்வரை வந்துவிட்டது.

“கதை கழிஞ்சாச்சு!” என்றது அறை. நான் அணியிலேயே நீடித்தேன்.

வெளியே சாயாக்கடையில் அணித்தலைவர் என் தோளைத் தொட்டார். “போட்டும் மோனே. அந்தக் குழவி இனி வேண்டாம், தூக்கிக் களஞ்சிடலாம்.”

கடையில் இருந்த அனைவருக்கும் கேட்கும்படி வாக்களித்தேன்: “நான் இந்த அணியில் இருக்கும்வரை அந்தக் குழவியும் இருக்கும், சேட்டா. தினமும் காலையில் அதை முதலில் உங்க கையில் நானே கொண்டுவந்து தருவேன்.”